குவாரியில் பெக்கோவால் டிப்பர் நிரப்புவது: புதிதாக லிவர் பிடிப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

பெக்கோவில், அதாவது மண் தோண்டும் மெஷினில், லிவர் பழகிய பிள்ளைகள் இரண்டு கிழமையில் தண்ணீர்க் கான் வெட்டிவிடுவார்கள். அதே பிள்ளையைத் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்ப் பக்கத்துக் கற்குவாரியில் ஏற்றி, கீழே நாலு டிப்பர் வரிசையில் நிற்க, “நிரப்பு தம்பி” என்றால் வியர்த்துப்போகும். பக்கெட் பாதி நிறையும், கல் கரையால் சிந்தும், டிப்பர்க்காரர் ஹோன் அடிப்பார். பெரும்பாலும் மெஷினைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டுத் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே சொல்லப்போவது 20 தொன் செயின் பெக்கோவைப் பற்றி, அதாவது சில்லுக்குப் பதிலாக இரும்புச் செயினில் ஓடுவது. பக்கெட் சுமார் 0.9 கனமீற்றர், டிப்பர் 3 கியூப் (ஒரு கியூப் 100 கனஅடி) என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மெஷின் வேறென்றால் எண்கள் மாறும், ஒழுங்கு மாறாது.

1. மெஷினில் ஏறுமுன்: கடதாசியும் வெட்டு முகமும்

புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் எந்த எல்லைக்குத் தரப்பட்டது என்று சுப்பர்வைசரிடம் கேட்டு, எல்லைக் கட்டைகளைக் கண்ணால் பாருங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி தோண்டுவதற்கு மட்டுமல்ல, ஏற்றிக்கொண்டு போவதற்கும் அனுமதி வேண்டும். எல்லை தாண்டித் தோண்டிவிட்டு “எனக்குச் சொல்லவில்லை” என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம் வெட்டு முகத்தை, அதாவது கல் வெட்டியெடுக்கும் சுவர் போன்ற பக்கத்தை, நடந்து பாருங்கள். மேலே தொங்கும் கல், புதிய வெடிப்பு, நீர் கசியும் இடம் என்று மூன்றையும் தேடுங்கள். நேற்று நின்ற முகம் இரவு மழைக்குப் பிறகு அதே முகம் இல்லை. மேல் விளிம்பில் மரம் நின்றால் வேரைப் பாருங்கள். வேர் வெளியே தெரிந்தால் அடி மண் போய்விட்டது.

வெடி வைத்த இடமென்றால், வெடி வைத்தவர் வந்து பார்த்து “சரி” என்று சொல்லும்வரை பக்கெட்டை அசைக்கக் கூடாது. வெடிக்காத மருந்து குவியலுக்குள் இருக்கலாம். தோண்டும்போது வயரோ மருந்துக் குச்சியோ தெரிந்தால் மெஷினை நிறுத்தி, ஆட்களை விலக்கி, அவரைக் கூப்பிடுங்கள். பக்கெட்டால் ஒதுக்கிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

2. காலைச் சுற்று

பத்து நிமிடம் போதும். என்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் ஒயில், ரேடியேட்டர் தண்ணீர், டீசல் வடியில் தேங்கிய தண்ணீர் பாருங்கள். ஹைட்ரோலிக் ஒயிலுக்கு ஒரு நிலை உண்டு. பூமும் (மெஷினிலிருந்து எழும் பெரிய கை) ஆர்மும் (அதன் நுனியில் பக்கெட்டைப் பிடிக்கும் கை) எப்படி வைத்திருக்க வேண்டும் என்று தாங்கிக்குப் பக்கத்து ஸ்டிக்கரில் படம் இருக்கும். வேறு நிலையில் வைத்துப் பார்த்துவிட்டு, குறைந்திருக்கிறதென்று மேலும் ஊற்றுவது புதியவர்கள் செய்யும் தவறு. சிலிண்டர்கள் மடங்கும்போது ஒயில் தாங்கிக்குத் திரும்பி வரும், கூட ஊற்றியது வெளியே தள்ளும்.

கிரீஸ் பின்களுக்குத் தினமும் அடியுங்கள். பக்கெட் பின்னுக்கு முதலிடம், மண்ணுக்குள் போய் வருவது அதுதான். பழைய கிரீஸ் கரையால் பிதுங்கி வந்தால் போதும்.

செயின் தொய்வைப் பாருங்கள். சேற்றிலும் மணலிலும் கொஞ்சம் தளர்வாக விடுவது நல்லது. உள்ளே மண் அடைத்தால் செயின் தானாகவே இறுகும். ஆனால் தளர்த்தும் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் தோலைத் துளைக்கும் அழுத்தத்தில் நிற்கிறது.

பக்கெட் பற்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கழன்ற பல் குவியலோடு கல் உடைக்கும் கிரஷருக்குள் போனால் அன்றைய வேலை முடிந்தது. எங்கள் குவாரியில் ஒருமுறை அப்படி நடந்தது. தாடைத் தட்டு வெடித்து மூன்று நாள் கிரஷர் நின்றது. அன்று காலை பல் எண்ணாதவன் நான்தான்.

ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் லிவர் ஒழுங்கைச் சோதியுங்கள். வழக்கமான ஒழுங்கில் இடது லிவர் சுழற்றலும் ஆர்மும், வலது லிவர் பூமும் பக்கெட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின்களில் இது மாறியிருக்கும். ஆட்கள் இல்லாத வெளியில், ஒவ்வொரு லிவரையும் விரலளவு அசைத்து எது எங்கே போகிறதென்று பாருங்கள்.

3. நிற்கும் மேடை

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். மற்ற எல்லாம் இதில்தான் நிற்கிறது.

பெக்கோ மேலே, டிப்பர் கீழே. இரண்டும் ஒரே தரையில் நின்றால் ஒவ்வொரு பக்கெட்டையும் டிப்பரின் பெட்டிக்கு மேல் முழு உயரத்துக்குத் தூக்க வேண்டும். நேரமும் டீசலும் அதில் போகும், பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்றும் தெரியாது. மேடையில் நின்றால் பெட்டி உங்கள் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும்.

மேடையின் உயரம் எவ்வளவு? உங்கள் ஆர்மின் நீளம்தான் அளவு. 20 தொன் மெஷினில் அது சுமார் 2.9 மீற்றர். அதைவிடத் தாழ்வாக இருந்தால் பக்கெட் நிறையுமுன் முகம் முடிந்துவிடும், ஒரே வாரலில் நிரம்பாது. மிக உயரமாக இருந்தால் அடிவரை எட்டிக் குடைய வேண்டிவரும், அது உங்கள் சொந்தக் காலடியைக் குடைவது. உடைந்த கல் குவியலில் இந்த உயரம் தானாக அமையாது. முதல் அரை மணி நேரம் டிப்பர்களைக் காக்கவைத்தாவது குவியலின் மேலே ஒரு தட்டை வெட்டுங்கள். டிப்பர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி? பக்கெட் நிரம்பி முடியும் கணத்தில் ஆர்ம் நேர்க்குத்தாக நிற்க வேண்டும். ஆர்ம் இன்னும் வெளியே நீட்டியிருக்கும்போதே நிரம்பினால் நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள். செயினுக்கு அடியில் இழுத்து வந்துதான் நிரம்புகிறதென்றால் விளிம்புக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், உடனே பின்வாங்குங்கள்.

செயின் இரண்டும் விளிம்புக்குச் செங்குத்தாக, முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். விளிம்பு நழுவினால் பயண லிவரைப் பின்னுக்கு இழுத்தால் போதும், மெஷின் வெளியே வந்துவிடும். விளிம்போடு சமாந்தரமாக நிறுத்தினால் பக்கவாட்டில் சரியும், தப்பும் வழியில்லை. அகலத்தைவிட நீளத்தில்தான் செயின் மெஷினுக்குப் பிடிமானம் அதிகம்.

செயினை ஓட்டும் டிரைவ் பல்சக்கரம் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். ஏறும்போது ஒவ்வொரு தடவையும் பாருங்கள். முன்னால் வைத்துத் தோண்டினால் கல் விழுவது விலையான சாமானின் மேல். அதோடு, கெபினைப் பின்னுக்குத் திருப்பியிருந்தால் பயண லிவர் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். பின்வாங்குவதாக நினைத்து விளிம்பை நோக்கி நகர்ந்தவரைப் பார்த்திருக்கிறேன். ஓர் அடிதான் நகர்ந்தார், ஆனால் அன்றைக்கு முழுவதும் அவர் கை நடுங்கியது.

மேடை மட்டமாக இருக்க வேண்டும். சரிவில் நின்றால் ஒரு பக்கம் சுழலும்போது மெஷின் தன் பாரத்தோடு இழுபடும், மறுபக்கம் மேட்டில் ஏறும். ஒரு பக்கெட்டுக்கு வேகமும் அடுத்ததற்குத் தாமதமும் என்று வேலை தாளம் தப்பும். செயினுக்குக் கீழே பெரிய கல் இருந்தால் எடுத்துவிட்டு, தூளைப் பரப்பி, அதன் மேல் நில்லுங்கள்.

4. டிப்பரை எங்கே வரச் சொல்வது

டிப்பர் ஓட்டுபவர் இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது, நீங்கள்தான் காட்ட வேண்டும். பக்கெட்டைப் பெட்டி நிற்க வேண்டிய இடத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள். அவர் பின்கண்ணாடியில் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு அதன் கீழே வந்து நிற்பார். சரியாக வந்ததும் ஒரு ஹோன், நிறுத்து. நிரம்பியதும் இரண்டு ஹோன், போ. இது எங்கள் வழக்கம். உங்கள் இடத்தில் வேறாக இருக்கலாம், காலையில் எல்லோரிடமும் கேட்டு ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

சுழற்சி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. முகத்திலிருந்து பெட்டிக்குத் தொண்ணூறு பாகை சுழல்கிறீர்கள் என்றால் டிப்பரை இன்னும் உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாருங்கள்: 3 கியூப் என்றால் 300 கனஅடி, சுமார் 8.5 கனமீற்றர், 0.9 பக்கெட்டில் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்கு 20 வினாடி என்றால் 3 நிமிடம் 20 வினாடியில் டிப்பர் போகும். வீண் சுழற்சியில் 5 வினாடி கூடினால் டிப்பருக்கு 50 வினாடி, நாளுக்கு அறுபது டிப்பர் என்றால் 50 நிமிடம். லிவரை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் இந்த 50 நிமிடத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

டிப்பரின் தலை, அதாவது சாரதி இருக்கும் பக்கம், உங்கள் சுழற்சிக்கு வெளியே இருக்கட்டும். நிரம்பிய பக்கெட் ஒருபோதும் கெபினுக்கு மேலே போகக் கூடாது, பெட்டியின் பின்பக்கத்தாலேயே போய் வர வேண்டும். கெபினுக்கு மேல் கல் தாங்கும் மறைப்பு இருந்தால் சாரதி உள்ளேயே இருக்கட்டும். இல்லையென்றால் இறங்கி, நீங்கள் பார்க்கக்கூடிய தூரத்தில் நிற்க வேண்டும். பெட்டிக்கும் மெஷினுக்கும் இடையில் நின்று வெற்றிலை போடுபவர்களுக்காகவே நான் வேலையை நிறுத்துவதுண்டு. உங்கள் பின்பாரம் (மெஷினின் பின்னால் சமநிலைக்கு வைத்த எடை) சுழலும் வட்டத்துக்குள் யாரும் வராதபடி இரண்டு கல்லாவது வைத்து அடையாளமிடுங்கள். வலது பின்புறம் உங்களுக்குத் தெரியாது, ஆள் எப்போதும் அங்கேதான் வந்து நிற்பார்.

மேலே மின்கம்பி போகும் இடத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். இடத்தை மாற்றுங்கள்.

5. பக்கெட்டை நிரப்புதல்

மேலிருந்து தொடங்குங்கள். அடியைக் குடைந்தால் மேலே உள்ளது தானே விழும், வேலை மிச்சம் என்று தோன்றும். விழும், ஆனால் எப்போது என்று அது சொல்லாது.

ஆர்மை நீட்டி, பற்களைக் குவியலுக்குள் குத்திச் சாய்வாக நுழையுங்கள். ஆர்மை இழுக்கும்போதே பக்கெட்டையும் மெல்லச் சுருட்டுங்கள். முக்கால் பங்கு சுருண்டதும் பூமைத் தூக்கத் தொடங்குங்கள். முழுதும் சுருண்ட பிறகு தூக்கலாம் என்று காத்திருப்பதுதான் புதியவர்களின் முதல் தாமதம். மூன்று அசைவும் ஒன்றின் வாலில் ஒன்று தொடங்க வேண்டும்.

காதைக் கொடுங்கள். நன்றாக வாரும்போது என்ஜின் ஒரு படி இறங்கி, அதே சுருதியில் நிற்கும். திடீரென்று சத்தம் அமுங்கி, மெஷினின் முன்பக்கம் எழும்பப் பார்த்தால் பக்கெட் ஏதோ பெரிய கல்லில் மாட்டியிருக்கிறது. இன்னும் இழுக்காதீர்கள். கொஞ்சம் பூமைத் தூக்கி, பல்லின் கோணத்தை மாற்றி, பக்கத்தால் வாருங்கள். மாட்டிய கல்லைச் சுழற்றும் பலத்தால் பெயர்க்கப் பார்ப்பது, பக்கெட்டின் விலாவால் கல்லை விளாசுவது, பூமை விழவிட்டுக் குத்துவது மூன்றும் மெஷினைக் கொல்லும் வேலை. சுழலும் பல்சக்கரம் பக்கவாட்டு அடிக்குச் செய்யப்பட்டதல்ல.

சிலிண்டரைக் கடைசி எல்லைவரை தள்ளி முட்டவைக்காதீர்கள். நாலு விரல் மிச்சம் விடுங்கள். ஒவ்வொரு முட்டலும் சீலுக்கும் பின்னுக்கும் ஓர் அடி.

6. கொட்டுதல்

முதல் பக்கெட் தூளாக இருக்கட்டும். பெட்டியின் தரையில் மெத்தை போல அது கிடந்தால் பின்னால் வரும் கல் தகட்டைக் குழிக்காது. இதற்காகவே மேடையின் ஓரத்தில் ஒரு சிறு தூள் குவியல் வைத்திருப்பேன்.

பெட்டியின் முன்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னுக்கு வாருங்கள். பக்கெட்டைப் பெட்டிக்குள் இறக்கி, கொட்டும் உயரத்தைக் குறைத்துத் திறவுங்கள். இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒரு கருங்கல் ஸ்பிரிங்கிலும் சாரதியின் முதுகிலும் தெரியும்.

பாரம் நடுவில் குவியட்டும். ஒரு பக்கம் கூடினால் வளைவில் தெரியாது, கொட்டும் இடத்தில் பெட்டியைத் தூக்கும்போதுதான் தெரியும். மெத்தென்ற மண்ணில் ஒரு பக்கச் சில்லு புதைய, தூக்கிய பெட்டியோடு ஒரு டிப்பர் பக்கவாட்டில் சாய்ந்ததை ஒருமுறை பார்த்தேன். சாரதிக்குத் தோளில் மட்டும் அடி. பிழை கொட்டிய இடத்தில் என்றார்கள், அந்தப் பாரத்தை வலது பக்கம் குவித்து அனுப்பியது எங்கள் மேடை.

7. எப்போது போதும் என்பது

கியூப் கணக்கு கொள்ளளவு. வீதியும் அச்சும் தாங்குவது நிறை. ஒரு கியூப் கிரவல் காய்ந்தால் நாலரை தொன் அளவில், நனைந்தால் ஐந்தையும் தாண்டும். மாரியில் அதே மூன்று கியூப் அதே நிறையல்ல.

கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு நானா எப்போதும் தலையை வெளியே நீட்டி, “தம்பி, இன்னும் ஒண்டு போடுங்கோ” என்பார்.

“நானா, பெட்டி விளிம்புக்கு வந்துட்டுது.”

“குவிச்சுப் போடுங்கோ, நான் மெதுவாத்தானே போறன்.”

மெதுவாகத்தான் போவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் குவிந்த கல் முதல் வேகத்தடையில் மோட்டார் சைக்கிள்காரர் முன்னால் விழும். விளிம்புக்குக் கீழே ஒரு சாண் விட்டு நிறுத்துங்கள், தார்ப்பாய் மூடாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே “அடுத்த நடைக்கு” என்று சொல்லிவிட்டு இரண்டு ஹோன் அடித்துவிடுவேன்.

புல்மோட்டை போன்ற இடத்தில் கனிம மணல் ஏற்றும் வேலைக்குப் போனால் கண்ணளவை முற்றாக மறந்துவிடுங்கள். சாதாரண மணலின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பது) 2.65, அங்குள்ள கனிமமான இல்மனைட்டுக்கு 4.5க்கு மேல். பெட்டி நிறைய வெகுமுன்பே அச்சு தாங்கும் நிறை வந்துவிடும். நிறை அளவி இல்லாமல் ஏற்றுவது அங்கே சூதாட்டம்.

8. பெரிய கல்லும் சிந்திய கல்லும்

பக்கெட்டுக்குள் அடங்காத கல்லை ஏற்ற முயலாதீர்கள். கிரஷரின் வாய்க்கும் அது அடங்காது. ஒரு பக்கம் உருட்டி வையுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு பிரேக்கர் வந்து உடைக்கட்டும்.

டிப்பர் மாறும் இடைவெளியில் கீழே சிந்தியதை வாரிவிடுங்கள். மேடையிலிருந்து எட்டாவிட்டால் சும்மா நிற்கும் லோடரைக் கூப்பிடுங்கள். கூரான கல்லில் பின்னோக்கி ஏறும் டயர் விலாவில் கிழியும், விலாக் கிழிந்த டயருக்கு ஒட்டு இல்லை. ஒரு டயர் விலையைச் சாரதியிடம் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தரையைச் சுத்தமாக வைத்திருப்பீர்கள்.

9. கிரஷர் குவியலில் லோடர் பிடிப்பவருக்கு

உடைத்த முக்கால், ஒன்றரை அங்குலக் கல்லை டயர் லோடர்தான் ஏற்றும். டிப்பரைக் குவியலுக்குச் சுமார் 45 பாகை சாய்வாக நிறுத்துங்கள். குவியலுக்குள் நேராகப் போய், பின்வாங்கி, திரும்பி டிப்பருக்கு வரும் பாதை ஆங்கில வீ எழுத்துப் போல அமைய வேண்டும். ஒவ்வொரு காலும் டயரின் ஒன்று, ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது.

பக்கெட்டைத் தரையோடு வைத்து நேராக நுழையுங்கள். உள்ளே போன பிறகு திருப்பினால் பாரம் ஒரு மூலையில் விழும். சில்லு சுழன்று வழுக்கினால் அக்சிலேட்டரை விடுங்கள், பக்கெட்டைக் கொஞ்சம் தூக்கினால் பாரம் முன்சில்லில் இறங்கிப் பிடிக்கும். தூக்கிய பக்கெட்டோடு ஓடாதீர்கள், முழங்கால் உயரம் போதும்.

10. மாரியும் கச்சான் காற்றும்

நவம்பர், டிசம்பரில் திருகோணமலை மழை என்னவென்று உங்களுக்கே தெரியும். குழியின் தரை ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் ஒரு மூலைக்குப் போகும்படி ஒக்டோபரிலேயே வெட்டிவிடுங்கள். தண்ணீர் நிற்கும் தரையில் டிப்பர் இரண்டு நடை போனால் சேறு, நாலு நடை போனால் பள்ளம். மேடை விளிம்பை மழை நின்ற மறுநாள் நம்பாதீர்கள்.

ஏறும் பாதையின் வெளிக்கரையில் மண் அணை வேண்டும். உயரம், அந்தப் பாதையில் வரும் பெரிய வாகனத்தின் சில்லில் பாதியாவது இருக்கட்டும். முட்டினால் சாரதிக்குத் தெரிய வேண்டும், தெரிந்த பிறகு நிறுத்த நேரமும் வேண்டும்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொந்தரவு தூசி. பாதைக்குத் தண்ணீர் அடியுங்கள், மேடையைத் தூசி உங்கள் கண்ணாடிப் பக்கம் வராதபடி அமையுங்கள். ரேடியேட்டர் கூட்டில் தூசி படிந்தால் சூடு ஏறும், மத்தியானம் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். எயார் பில்டரை மட்டும் டயரில் தட்டித் தட்டி எடுக்காதீர்கள், மடிப்பு கிழிந்தால் தூசி நேரே என்ஜினுக்குள்.

11. நிறுத்துதல்

மெஷினை முகத்திலிருந்து விலக்கி, மட்டமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். இரவில் முகம் சரிந்தால் காலையில் மண் கிளறித்தான் மெஷினைத் தேட வேண்டும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். சூடான டேர்போவுக்கு ஒயில் போவது என்ஜின் ஓடும்வரைதான், திடீரென்று நிறுத்தினால் அது வறண்டுபோகும்.

பாதுகாப்பு லிவரைப் பூட்டிவிட்டு எழும்புங்கள். பூட்டாத லிவரில் சட்டை மாட்டி மெஷின் சுழன்ற கதை எல்லாக் குவாரியிலும் ஒன்று இருக்கும். செயினுக்குள் அடைத்த சேற்றை இப்போதே தட்டிவிடுங்கள், காலையில் அது காய்ந்து சீமெந்தாகிவிடும். டீசலையும் இப்போதே நிரப்புங்கள். வெறுந்தாங்கியில் இரவு ஈரம் தண்ணீராக இறங்கும்.

பற்களை இன்னொருமுறை எண்ணி, குறைந்தால் கிரஷர்காரருக்கு அன்றைக்கே சொல்லுங்கள். சாவியைக் கழற்றிச் சுப்பர்வைசரின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.